பள்ளியில் காய்கறித் தோட்டம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி வளாகத்தில் காய்கறி பயிரிடுவது பற்றிப் பேச்சு எடுத்தாலே ஆசிரியர், பெற்றோர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் இந்தச் சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். முதலில் மண், விதை, தண்ணீர். அப்புறம் ஆட்கள். ஆட்களைப் பற்றிய பகுதிதான் நீளமாக இருக்கும். பள்ளித் தோட்டங்கள் பூச்சியால் அழிவதைவிட, கவனிக்க ஆளில்லாமல் காய்ந்து போவதுதான் அதிகம்.

எங்க பள்ளியில இடமே இல்லையே, தோட்டமெல்லாம் எப்படிப் போடுறது?

3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு இடமிருந்தால் போதும், தொடங்கிவிடலாம். வளாகம் முழுக்கத் தளம் போட்டிருந்தால் தொட்டி, பழைய வாளி, சாக்குப்பை எதிலும் கீரை வளரும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம். கீரைக்கு ஒரு சாண் ஆழம் மண் போதும், தக்காளிக்கும் கத்தரிக்கும் இரண்டு சாண் வேண்டும். சுவரோரம் கயிறு கட்டினால் கொடிகள் மேலே ஏறிக்கொள்ளும், தரையில் இடம் மிஞ்சும்.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் மண் ஏற்ற வேண்டாம்.

எந்த மூலையில போட்டா நல்லா வரும்?

காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரைகள் 4 மணி நேர வெயிலிலும் சமாளித்துக்கொள்ளும். இடம் முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று மாணவர்களே சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்கட்டும். பெரிய மரத்தடி வேண்டாம். நிழலோடு அதன் வேரும் பாத்திக்குள் வந்து தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும்.

வெயிலுக்கு அடுத்தது குழாய். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம் கூடக் கூட, தண்ணீர் ஊற்றும் நாட்கள் குறையும். மூன்றாவதாக ஒன்றையும் பாருங்கள்: எல்லோரும் தினமும் கடந்து போகும் இடமா? கட்டடத்துக்குப் பின்னால் ஒதுக்கிய தோட்டம் வாடினால் யார் கண்ணிலும் படாது. வாசலிலிருந்து வகுப்புக்குப் போகும் வழியில் இருந்தால், பிள்ளையை விட வரும் அம்மாகூட நின்று "இந்தச் செடி ஏன் இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்பார்.

எவ்வளவு பெருசா ஆரம்பிக்கலாம்? எங்க தலைமை ஆசிரியர் அரை ஏக்கர் தர்றேன்னு சொல்றார்.

அவர் மனசுக்கு நன்றி சொல்லிவிட்டு, முதல் பருவத்துக்கு நான்கு பாத்தி மட்டும் கேளுங்கள். அரை ஏக்கரைக் களை எடுத்துக் காப்பாற்றுவது முழுநேர வேலை. நான்கு பாத்தியும் பச்சையாக நின்றால் அடுத்த பருவம் எட்டாக்கலாம்.

பெரியவர்களுக்குப் போடும் பாத்தி 1.2 மீட்டர் அகலம் இருக்கலாம். சிறுவர்களுக்கு 90 சென்டிமீட்டர் போதும், இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுவரை எட்டும். எட்டாவிட்டால் பாத்திக்குள் ஏறி மிதிப்பார்கள், மிதிபட்ட மண் இறுகி வேர் இறங்காது. நடைபாதை 60 சென்டிமீட்டர் விடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை இருந்தால் ஒரு பாதையையாவது 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கெட்டியான தரையாக வைத்து, அதன் ஓரத்துப் பாத்தியை உட்கார்ந்தபடி எட்டும் உயரத்துக்கு எழுப்புங்கள். தோட்டம் போட்ட பிறகு இதைச் சேர்ப்பது கஷ்டம். முதலிலேயே செய்துவிட வேண்டும்.

மண்ணு நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?

ஒரு கைப்பிடி ஈர மண்ணைப் பிடித்து அமுக்கிவிட்டு விரலால் தட்டுங்கள். உருண்டையாகவே நின்றால் களி அதிகம். பிடிக்கவே பிடிக்காமல் உதிர்ந்தால் மணல் அதிகம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கிய உரம். மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு மாதிரி அனுப்பினால் கார அமில நிலையும் தெரிந்துவிடும். அந்த நிலையைக் காட்டும் pH அளவு 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஒத்துப்போகும்.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது என்பது. பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரம், பரபரப்பான சாலையோரம், குப்பை எரித்த இடம், வண்டி பழுது பார்த்த இடம் ஆகியவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சந்தேகம் இருந்தால் உலோகப் பரிசோதனை செய்யுங்கள், அல்லது வேறு இடத்திலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப் பாத்தி கட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

முதல் தடவைக்கு என்ன போடலாம்?

சீக்கிரம் வருவதைப் போடுங்கள். முள்ளங்கி, தண்டுக்கீரை போன்றவை விதைத்த 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பொறுமைக்கு அது சரியான அளவு. பக்கத்துப் பாத்தியில் வெண்டை, பீன்ஸ், வெள்ளரி போடலாம், 45 முதல் 60 நாளில் காய்க்கத் தொடங்கும். நாற்று நட்ட தக்காளிக்கு இரண்டு மாதத்துக்கு மேலாகும்.

நாள் கணக்கைப் பள்ளி நாட்காட்டியோடு வைத்துப் பார்ப்பது அவசியம். தேர்வு எப்போது, விடுமுறை எப்போது என்று குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் தேதியைப் பிடியுங்கள். தக்காளி பழுக்கும் வாரத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தால், அத்தனை நாள் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள் ஒரு பழத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதைவிட ஆர்வத்தைக் கொல்வது வேறில்லை.

விதைச்சு பத்து நாளாச்சு, ஒண்ணுமே முளைக்கலையே?

பெரும்பாலும் ஆழமாகப் புதைத்திருப்பார்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண்ணைத் தூவினால் சரி. அடுத்த காரணம், பூவாளி இல்லாமல் வாளியால் ஊற்றி விதையை அடித்துக்கொண்டு போவது. எறும்பு இழுத்துப் போவதும் உண்டு.

விதையே பழசா என்று அறிய 10 விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. நான்கைந்துதான் முளைத்தால் இரண்டு மடங்கு விதைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால் புது விதை வாங்குங்கள். விதைப்பதற்கு முந்தைய வாரமே இதை ஒரு வகுப்பு வேலையாகச் செய்துவிட்டால், இந்தக் கேள்வி வராது.

தினமும் தண்ணி ஊத்தணுமா?

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்று வேண்டாம். முளைத்து வரும் விதைக்கும் இளம் நாற்றுக்கும் தினமும் கொஞ்சம் தேவை. வேர் இறங்கிய செடிக்கு அடிக்கடி கொஞ்சமாக ஊற்றுவதைவிட, இடைவெளி விட்டு நன்றாக நனைப்பது நல்லது. மேலே மட்டும் நனைந்துகொண்டே இருந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். கடும் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 6 லிட்டர் வரை தேவைப்படலாம். காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் இது கணிசமாகக் குறையும்.

மழைநீரைப் பற்றி ஒரு கணக்கு: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். கொஞ்சம் சிந்திச் சிதறிப் போனாலும் தொட்டி நிரம்பும். கை கழுவும் குழாயிலிருந்து வரும் சோப்புத் தண்ணீரை மரங்களுக்கு விடலாம். பச்சையாகத் தின்னும் இலைக்கும் முள்ளங்கி போன்ற வேர்க்காய்க்கும் விட வேண்டாம்.

உரக்குழி நாறுது, ஈ மொய்க்குது. மூடச் சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

நாற்றம் வந்தால் பச்சைக் கழிவு அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். காய்கறித் தோல், பச்சைப் புல் ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, அட்டைத் துண்டு இரண்டு மூன்று பங்கு சேர வேண்டும். ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் மேலே காய்ந்த இலையால் மூட வேண்டும். வாரம் ஒரு முறை கிளறுங்கள். பிழிந்தால் ஒரு சொட்டு வரும் அளவு ஈரம் போதும். சமைத்த மிச்சம், இறைச்சி, எண்ணெய், பால் பொருட்களைப் போடாதீர்கள். எலி வருவது அவற்றுக்காகத்தான்.

குவியல் ஒரு மீட்டர் நீள அகல உயரத்தில் இருந்தால் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். கையை மேலே வைத்தாலே தெரியும். வேதியியல் ஆசிரியரிடம் சொல்லி ஒரு நீண்ட வெப்பமானியைச் செருகித் தினமும் வரைபடம் போடச் சொல்லுங்கள். பசுஞ்சாணம், கோழி எரு கிடைத்தால் மக்க வைத்தே பயன்படுத்துங்கள். மக்காத எருவை இட்ட பாத்தியில் நோய்க்கிருமி இருக்கும் என்பதால், மண்ணைத் தொடும் கீரை, முள்ளங்கியை அறுப்பதற்கும் எரு இட்டதற்கும் இடையே குறைந்தது 120 நாள் விட வேண்டும். பள்ளிக்கு அது ஒத்துவராது.

பூச்சி வந்தாச்சு. மருந்து அடிக்கலாமா?

பள்ளிக்குள் பூச்சிக்கொல்லி வேண்டாம். குழந்தைகள் கை வைக்கும், பறித்த உடனே வாயில் போடும் இடம் அது. செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சியான அசுவினி கொஞ்சம் இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். அதிகமானால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், பெரியவர் ஒருவர் தெளிக்கலாம். புழுவைக் கையால் பொறுக்குவதற்கு மாணவர்களே போதும்.

தெளிப்பதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி எடுத்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பாக, நீளமாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை வடிவத்தில் ஒரு புழு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். பார்க்கப் பயமாக இருப்பதால் அதைத்தான் எல்லோரும் முதலில் நசுக்குகிறார்கள். அது பொறிவண்டின் இளம்புழு, அசுவினியைத் தின்பதற்காகவே அங்கே வந்தது. ஒரு வாரம் பொறுத்தால் பாத்தியைப் பெரும்பாலும் அதுவே சுத்தம் செய்துவிடும். அந்த ஒரு வாரம் தினமும் அசுவினியை எண்ணிக் கரும்பலகையில் எழுதினால் நல்ல அறிவியல் பாடமும் ஆகும்.

பூசணி பூத்துக் கொட்டுது, ஒரு பிஞ்சுகூட நிக்கல.

முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை உதிர்வது இயல்பு. பூவுக்குக் கீழே குண்டுமணி அளவில் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. பெண் பூ வந்தும் பிஞ்சு அழுகி விழுந்தால் தேனீ வரவில்லை. காலையில் பூ விரிந்திருக்கும்போதே ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள். தேனீயை வரவழைக்கப் பாத்தி ஓரம் சூரியகாந்தி, துளசி வையுங்கள்.

இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு? பாடம் கெட்டுப்போகாதா?

தோட்டம் தனி வேலையாக இருக்கும்வரை நேரம் கிடைக்காது. பாடத்துக்குள் வந்தால் கிடைக்கும். பரப்பளவு, சராசரி, வரைபடம் எல்லாம் பாத்தியில் இருக்கின்றன. மொழிப் பாடத்துக்குத் தோட்ட நாட்குறிப்பு இருக்கிறது. பீன்ஸ் செடி ஒன்றை வேரோடு மெல்லத் தோண்டி எடுத்து மண்ணை அலசினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியா செடிக்கு மாற்றிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துவிட்டது. புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்தது கையில் வந்துவிட்டால் பிறகு மறக்காது.

இது புது மோகமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃப்ரோபல் தொடங்கிய மழலையர் பள்ளி முறையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி உண்டு. 1869இல் ஆஸ்திரியாவின் பள்ளிச் சட்டமே கிராமப் பள்ளிகளுக்குத் தோட்டத்தை வலியுறுத்தியது.

எம்புள்ளைய படிக்க அனுப்புனேன், மண்ணு வெட்டவா அனுப்புனேன்?

இதைக் கேட்கும் பெற்றோர் மீது யாரும் கோபப்படக் கூடாது. மண்ணில் குனிந்து வேலை செய்தே வாழ்க்கை தேய்ந்தவர்கள், பிள்ளையாவது அதிலிருந்து தப்பட்டும் என்று நினைப்பது நியாயம். அவர்களுக்கு வாயால் சொல்லும் சமாதானம் எடுபடாது. தோட்டம் நடக்கும் விதத்தில்தான் பதில் இருக்க வேண்டும்.

அதற்குச் சில விதிகளை எழுதி ஒட்டுங்கள். தோட்ட வேலை ஒருபோதும் தண்டனை ஆகாது. வகுப்புக்குத் தாமதமாக வந்தவனைக் களை எடுக்க அனுப்பினால், அன்றோடு தோட்டத்தின் மரியாதை போய்விடும். சாணம் அள்ளுவது, தண்ணீர் சுமப்பது, விதை போடுவது, குறிப்பு எழுதுவது என எல்லா வேலையும் எல்லோருக்கும் சுழற்சியில் வர வேண்டும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் பங்கு பிரிக்கக் கூடாது. ஆசிரியரும் கூடவே குனிய வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அப்புறம், கேள்வி கேட்ட அந்தப் பெற்றோரையே ஒரு நாள் வந்து பார்க்க அழையுங்கள்.

அடிபட்டா யார் பொறுப்பு? பயமா இருக்கே.

பயம் நல்லதுதான், அதற்கேற்ற ஏற்பாடு இருந்தால் போதும். கைக்கு அடக்கமான சிறிய களைக்கொத்தும் கரண்டியும் மாணவர்களுக்கு, மண்வெட்டியும் அரிவாளும் பெரியவர்களுக்கு. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி உள்ளே பூட்ட வேண்டும். செருப்பு கட்டாயம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பருவத் தொடக்கத்திலேயே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள், தேனீக் கொட்டுக்கு ஒவ்வாமை உண்டா என்பதையும் சேர்த்து. வெளியே வந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும். பெரியவர் ஒருவர் "சரி, இதைத் தின்னலாம்" என்று சொல்லாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பாத்தியைச் சுற்றிப் புதர் சேர விடாதீர்கள்.

ஊர்க்காரங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டோம். நாலு பேர்தான் வந்தாங்க.

"எல்லோரும் வந்து ஒத்துழைப்புத் தாருங்கள்" என்று அழைத்தால் யாரும் வர மாட்டார்கள், ஏனென்றால் அது யாரையும் அழைக்கவில்லை. ஒருவரிடம் ஒரு வேலையை, நாள் குறித்துக் கேளுங்கள். "அண்ணே, சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் வந்து பந்தல் கட்டிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டால் அவர் யோசிக்காமல் சரி என்பார். தச்சுவேலை தெரிந்தவரிடம் பாத்திக்குப் பலகை அடிக்க ஒரு மதியம் கேளுங்கள். மாடு வைத்திருப்பவரிடம் இரண்டு கூடை சாணம், தையற்காரரிடம் பழைய துணியில் விதைப் பைகள். காசு தர முடியாதவர்களிடமும் தர ஏதோ ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கேட்பதுதான் தோட்டப் பொறுப்பாளரின் முதல் வேலை.

வந்தவர் கையில் வேலை உடனே இருக்க வேண்டும். வந்து அரை மணி நேரம் சும்மா நின்றவர் அடுத்த முறை வர மாட்டார். முடிந்ததும் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லி அனுப்புங்கள்: "நீங்க கட்டின பந்தல்ல இன்னைக்குப் புடலை பூத்திருக்கு." இப்படி ஒரு செய்தி போனால் அடுத்த வாரம் அவரே எட்டிப் பார்ப்பார்.

பெரியவங்க வந்தா எல்லாத்தையும் அவங்களே செஞ்சிடறாங்க, பசங்க வேடிக்கை பாக்கறாங்க.

உண்மைதான், அனுபவம் உள்ள கைக்குப் பொறுமை குறைவு. தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பெரியவர் ஒரு தடவை செய்து காட்டலாம், அடுத்து மாணவர் கையில்தான் கருவி இருக்கும். கோணலாகப் போனால் போகட்டும். ஒரு பெரியவருக்கு ஐந்து பிள்ளைகள் என்று பிரித்துவிட்டால் பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும். கூட்டமாக விட்டால் பெரியவர்கள் ஒரு பக்கம் பேசுவார்கள், பிள்ளைகள் இன்னொரு பக்கம் ஓடுவார்கள்.

எங்க தாத்தா ஒண்ணு சொல்றார், டீச்சர் வேற சொல்றாங்க. யார் சொல்றது சரி?

இரண்டையும் செய்து பாருங்கள். ஒரே அளவில் இரண்டு பாத்தி, ஒரே விதை, ஒரே நாள். ஒன்றில் தாத்தா சொன்னபடி, இன்னொன்றில் ஆசிரியர் சொன்னபடி. மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், மாறுவது ஒன்றே ஒன்றுதான். அறுவடையில் எடை போட்டு எழுதுங்கள். தாத்தாவையும் எடை போடும் அன்று அழையுங்கள்.

வயதில் மூத்தவர்கள் தலையில் சுமந்துகொண்டிருக்கும் மண்ணறிவும் பருவ அறிவும் எழுதப்படாதவை. எந்தக் காற்று அடித்தால் மழை, எந்தப் பூ பூத்தால் விதைப்பு என்று அவர்கள் சொல்வதை மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். சில பலிக்கும், சில பலிக்காது. கேட்டு, எழுதி, சோதித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அதுவே பெரிய லாபம்.

விடுமுறையில யார் பாத்துக்குவாங்க?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் விதையைக் கையில் எடுக்க வேண்டும். விடுமுறையின் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு குடும்பம் என்று அட்டவணை போடுங்கள், மாற்றுக்கு இன்னொரு குடும்பம். அந்த வாரம் விளைவது எல்லாம் அந்தக் குடும்பத்துக்கே. பறிக்கும் உரிமை இல்லாமல் தண்ணீர் ஊற்றும் கடமை மட்டும் கொடுத்தால் இரண்டாவது வாரமே ஆள் வராது. வாசல் சாவி யாரிடம், குழாய் எங்கே, எந்தச் செடிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, படம் வரைந்து ஒட்டுங்கள்.

ஆள் குறைவு என்றால் தோட்டத்தையே விடுமுறைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். பள்ளி மூடும் வாரத்தில் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, சணப்பை அல்லது தட்டைப்பயறு விதைத்துவிடலாம். முளைத்து நிற்கும்வரை மட்டும் தண்ணீர் பார்த்தால் போதும். ஆறேழு வாரத்தில் பூக்கும், விதை கட்டுவதற்கு முன் வெட்டி மண்ணிலேயே மடக்கிவிட்டால் உரமாகும். அதுவும் முடியாவிட்டால் பாத்தியைக் கனமான மூடாக்கால் மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது களை குறைவாகவும் மண் மிருதுவாகவும் இருக்கும்.

பள்ளித் தோட்டத்துல விளையறதை வெச்சு மதியச் சாப்பாடு போட்டுடலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாக வந்த கீரைப் பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு அறுவடையில் ஏறக்குறைய 1 கிலோ கிடைக்கும். 200 பிள்ளைகளுக்குத் தலைக்கு 50 கிராம் என்றால் 10 கிலோ. அதாவது 10 சதுர மீட்டர் பாத்தி ஒரே ஒரு நாள் பொரியலுக்குத்தான் வரும். தொடங்கும்போது சொன்ன நான்கு பாத்தியும் சேர்ந்தே அவ்வளவுதான். பள்ளியின் உணவுத் தேவை முழுவதையும் தோட்டம் தீர்க்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆனால் மாதத்தில் ஒரு நாள் "இன்றைய கீரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வளர்த்தது" என்று சமையல் அக்கா அறிவித்துப் பரிமாறினால், சாப்பாட்டு வரிசையே அன்று வேறு மாதிரி இருக்கும். புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் போலக் கொஞ்சம் போட்டாலே வாசம் தெரியும் பொருட்களை வளர்ப்பது இன்னும் பயன். சமையல் செய்பவர்களிடம் முன்பே கேட்டுவிட்டு என்ன விதைப்பது என்று முடிவு செய்யுங்கள். அவர்களுக்குத் தேவையில்லாத காயைக் கூடையில் கொண்டுபோய் வைத்தால் அது அவர்களுக்குக் கூடுதல் வேலை மட்டுமே.

சரி, தோட்டம் போட்டா பசங்க காய்கறி சாப்பிடுவாங்களா?

தானாகவே இல்லை. நேபாளத்தில் உலகக் காய்கறி மையத்தின் ஆய்வாளர்கள் பள்ளித் தோட்டங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். தோட்டமும் பாடமும் மட்டும் இருந்தபோது காய்கறிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கூடியது, பிடித்தமும் கூடியது. சாப்பிட்ட அளவு மட்டும் சொல்லும்படி மாறவில்லை. பெற்றோரையும் சேர்த்து வீட்டுத் தோட்டத்தோடு இணைத்த பிறகுதான் சாப்பிடும் அளவிலும் மாற்றம் தெரிந்தது.

யோசித்தால் இது புரியும். பிள்ளை வீட்டுக்குப் போய் ஆசையாகக் கேட்டாலும், சமைப்பது வேறொருவர், வாங்குவது வேறொருவர். அதனால் ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு பங்கு வீட்டுக்குப் போகட்டும், கூடவே ஒரு பொட்டலம் விதையும் இரண்டு நாற்றும் போகட்டும். அம்மாவோ அப்பாவோ பாட்டியோ அதைச் சமைத்த விதத்தை மறுநாள் வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். ஊரைத் தோட்டத்துக்குள் அழைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பழுக்கற நேரத்துல யாரோ பறிச்சுட்டுப் போயிடறாங்க. ஆடு வேற.

ஆட்டுக்கு வேலிதான் வழி. முள்வேலியைவிட நெருக்கமாக நட்ட உயிர்வேலி பார்க்கவும் நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. அது வளரும்வரை வலை கட்டுங்கள்.

மனிதர்கள் பறிப்பதற்கு வேலியை உயர்த்துவது கடைசி வழி. முதலில், வாசலுக்கு வெளியே ஒரு பாத்தி போட்டு "யார் வேண்டுமானாலும் பறிக்கலாம்" என்று மாணவர் கையெழுத்தில் பலகை வையுங்கள். உள்ளே இருக்கும் பாத்திகளில் அதை வளர்க்கும் பிள்ளைகளின் பெயரை எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முதல் அறுவடையிலேயே ஒரு கட்டுக் கீரை போகட்டும். எடுத்தவர் உண்மையிலேயே பசியால் எடுத்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அப்படித் தெரிந்தால் அந்த வீட்டுக்குத் தோட்டம் என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டும்.

மிஞ்சினதை விக்கலாமா? அந்தக் காசு யாருக்கு?

விற்கலாம், பள்ளி நிர்வாகம் எழுத்தில் சம்மதித்தால். வரவு செலவை மாணவர்களே எழுதி, எல்லோரும் பார்க்கும் பலகையில் மாதம் ஒரு முறை ஒட்ட வேண்டும். ஐந்து ரூபாய் என்றாலும் கணக்கு வெளியே தெரியட்டும். ஊர்ப் பொது வேலைகள் உடைவது பணம் குறைந்ததால் அல்ல, பணத்தைப் பற்றிய பேச்சு இருட்டில் நடப்பதால். வந்த காசு விதைக்கும் கருவிக்கும் திரும்பிப் போகட்டும். விற்பனைக்காகவே பயிரிடத் தொடங்காதீர்கள். அப்போது மேலே சொன்ன "மண்ணு வெட்டவா அனுப்புனேன்" என்ற கேள்விக்கு நம்மிடம் நேர்மையான பதில் இருக்காது.

ரெண்டு வருஷம் நல்லா வந்துச்சு. இப்ப தக்காளி நட்டா நட்டா வாடிப்போகுது.

ஒரே பாத்தியில் திரும்பத் திரும்பத் தக்காளி நட்டிருப்பீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதற்கும் தொற்றும். அந்தப் பாத்தியில் மூன்று வருடம் இந்தக் குடும்பம் வேண்டாம். பயறு வகை, அப்புறம் கீரை, அப்புறம் வேர்க்காய் என்று மாற்றுங்கள். வாடிய செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். எந்தப் பாத்தியில் எந்த வருடம் என்ன இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை என்றால், அடுத்த கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

ஆர்வமா இருந்த டீச்சர் மாற்றலாகிப் போயிட்டாங்க. அதோட தோட்டமும் போச்சு.

ஒருவர் தோளில் நின்ற தோட்டம் அவரோடு போய்விடும். தொடக்கத்திலேயே மூன்று பேர் பொறுப்பில் வையுங்கள்: ஒரு ஆசிரியர், ஒரு பெற்றோர், பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருவர். மூன்றாமவர்தான் முக்கியம். ஆசிரியர் மாறுவார், பெற்றோரின் பிள்ளை படிப்பு முடித்துப் போகும், அவர் அங்கேயே இருப்பார். எட்டாம் வகுப்பு ஏழாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்பு ஆறாம் வகுப்புக்கும் சொல்லிக்கொடுக்கும்படி வருடக் கடைசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கெட்டி அட்டை போட்ட ஒரு தோட்டப் பதிவேடு வேண்டும். பாத்தி வரைபடம், விதைத்த தேதி, முளைத்த தேதி, எடை, வந்த பூச்சி, உதவியவர் பெயர், அவருக்கு என்ன வேலை தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அது அலுவலக அலமாரியில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், யார் வீட்டுக்கும் போகக் கூடாது. அது இருந்தால் புதிதாக வரும் ஆசிரியர் ஒரு மாலையில் படித்துவிட்டு மறுநாள் வேலையைத் தொடங்கலாம்.

எங்க பள்ளியில ஏற்கெனவே ஒரு தடவை போட்டுக் காய்ஞ்சு போச்சு. இனிமே யாரும் நம்ப மாட்டாங்க.

காய்ந்த தோட்டத்தைப் பற்றி அப்போது இருந்தவர்களிடம் கேளுங்கள், குறை சொல்லாமல். எந்த மாதத்தில் காய்ந்தது? அப்போது சாவி யாரிடம் இருந்தது? தண்ணீர் வந்ததா? பெரும்பாலும் விடுமுறை, மாற்றல், மோட்டார் பழுது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்த ஒரு ஓட்டையை அடைக்காமல் மறுபடி விதைக்க வேண்டாம்.

அடைத்த பிறகு, ஒரே ஒரு பாத்தியில் கீரை போடுங்கள். திறப்பு விழா, பலகை, புகைப்படம் எதுவும் வேண்டாம். 30 நாளில் அறுத்து, முன்பு உழைத்து மனம் விட்டுப்போனவர்களின் வீடுகளுக்கு ஆளுக்கொரு கட்டு மாணவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த பாத்திக்கு யாரைக் கேட்பது என்று அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்து சொல்வார்கள்.